கடைசி வரியில் இருந்த ஊர்

கொரியாவில் மீன் படகு வேலைக்குக் கிளம்பும்போது, அங்கே தங்கப்போகும் விலாசத்தை மகன் நாலு வரியாகத் தமிழில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டினான். முதல் வரி ஜொல்லா. நம் விலாசத்தில் வீடும் தெருவும்தான் முதலில் வரும். அதனால் ஜொல்லாதான் அவன் இருக்கும் குப்பம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மதியம் செய்தியில் ஜொல்லாவில் புயல், படகுகள் கவிழ்ந்தன என்றார்கள். எத்தனை தடவை கூப்பிட்டும் மகனுக்கு லைன் கிடைக்கவில்லை. காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு, கொரியாவில் வேலை பார்த்துத் திரும்பிய எங்கள் குப்பத்து ஆளிடம் ஓடினேன்.

"இன்னா மாமு, ஜொல்லா ஊரு இல்ல. ராஜா காலத்துல நாட்ட எட்டா பிரிச்சாங்களாம், அதுல ஒண்ணு. விலாசம் எழுதசொல்ல அவங்க பெருசுல ஆரம்பிச்சு சின்னதுக்கு வருவாங்க. உன் புள்ள ஊரு கடைசி வரியில கீது."

"அங்க புயல் இல்லியா?"

அவன் போனில் தேடினான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அடிச்சது தெக்குக் கரையில. இவன் மேக்குக் கரையில கீறான்."

அப்போதும் நான் நம்பவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் மகனே கூப்பிட்டான்.

"கடலுக்குப் போயிருந்தேன் நைனா. டவர் இல்ல. இத்தினி வாட்டி கூப்ட்டுகீற, இன்னா விஷயம்?"

"உன் விலாசத்த வேற எழுதி அனுப்பு. ஊரு பேர மேல போடு" என்றேன்.