அட்ஜஸ்ட் பண்ணாத சகாயமேரி டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை விராலிமலையில் பஸ் ஏறும்போது போன் வந்தது. ஆவூரிலிருந்து சகாயமேரி டீச்சரின் மகள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே..." எங்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்திய டீச்சர் இனி இல்லை.

அன்று முழுக்க அழுதேன். வியாழக்கிழமை பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்ததிலிருந்து கோபம்தான் வருகிறது. தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, "டீச்சர் எல்லாத்துக்கும் அட்ஜஸ்ட் பண்ணிப் போவாங்க" என்றார். அடப்பாவமே! எந்த வார்த்தையோடு டீச்சர் கடைசிவரை மல்லுக்கட்டினாரோ, அதையே பாராட்டாகச் சொல்கிறார்கள்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்த முதல் வாரம், ஸ்டாஃப் ரூமில் எனக்கு நாற்காலி இல்லை. "கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றார் தலைமையாசிரியர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சகாயமேரி டீச்சர் நிமிர்ந்தார்.

"எந்த அட்ஜஸ்ட் சார்? அடாப்ட்னா பழகிக்கிறது. காம்ப்ரமைஸ்னா ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கிறது. டாலரேட்னா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிறது. சப்மிட்னா அடங்கிப் போறது. நீங்க கேக்குறது எதுன்னு சொல்லிட்டா, அவங்க யோசிச்சுக்குவாங்க."

மதியத்துக்குள் நாற்காலி வந்தது.

பிறகு மாணவிகள் கழிப்பறை. அதில் உடைந்த பெஞ்சுகளை அடைத்துப் பூட்டிவிட்டார்கள். போக இடமில்லாததால் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. ஒருத்தி பிரேயரில் மயங்கி விழுந்தாள். "புள்ளைக அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க" என்றார் தலைமையாசிரியர். டீச்சர் சீறிவிட்டார்.

"சைக்கிள் சீட்டை அட்ஜஸ்ட் பண்ணலாம் சார். ஒண்ணுக்கு வர்றதை எப்புடிப் பண்ணுவாங்க?"

பத்தாம் வகுப்பு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் அறை வாசலிலேயே நிறுத்தினார். "எங்க போறதுன்னு சார் சொல்லுவாரு, கேளுங்கம்மா." அன்றே பூட்டு திறந்தது.

வியாழக்கிழமை இரங்கல் கூட்டம் முடிந்து அந்தக் கழிப்பறைப் பக்கம் போனேன். மறுபடியும் பூட்டு! ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதே பெஞ்சுகள். டீச்சரை அடக்கம் செய்த மண்கூட இன்னும் காயவில்லை. என்ன நெஞ்சழுத்தம்!

நேராகப் போய்ச் சாவி கேட்டேன். "துக்கமான நேரத்துல எதுக்கு டீச்சர் பிரச்சினை?" என்றார் தலைமையாசிரியர்.

"அவங்களுக்காக அழுத புள்ளைகளுக்கு ஒதுங்க எடம் இல்ல சார். சாவியைக் குடுங்க."

கத்தித்தான் கேட்டேன். வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். சாவி கைக்கு வந்ததும் நானும் மாணவிகளுமாகப் பெஞ்சுகளை இழுத்து வெயிலில் போட்டோம். தரையைக் கழுவினோம். வேலை முடிந்ததும் ஒரு பிள்ளை குழாயடியில் குனிந்து, கையை ஏந்தி, வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள்.

போய் வாருங்கள், டீச்சர். சாவியை நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.