குற்றாலத்தில் நான் சொன்ன சாட்சி

சீசன் தொடங்கினால் எங்கள் சபையார் வாசுதேவநல்லூரிலிருந்து வேன் பிடித்துக் குற்றாலம் போவது வழக்கம். குளியல், சாப்பாடு, நடுவில் கர்த்தர் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து சொல்லும் சாட்சிக் கூட்டம். இந்த ஜூலையில் சாட்சி சொல்ல வேண்டியவள் நான். பதினைந்து வயதில் சாகக் கிடந்து பிழைத்தவள். பிழைத்தால் ஊழியத்துக்குத் தருகிறேன் என்று அப்பா அப்போதே நேர்ந்துவிட்டார். இப்போது பிளஸ் டூ முடித்தாயிற்று. வேதாகமக் கல்லூரிக்குப் போகிறேன் என்று எல்லார் முன்பாகவும் நான் அறிவிக்க வேண்டும். என் பைக்குள்ளோ நர்சிங் கல்லூரியின் சேர்க்கைக் கடிதம். திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். அப்பாவிடம் கேட்டபோது ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார்.

ஆளுக்கு 350 ரூபாய், காலை இட்லியும் மதியம் பிரியாணியும் சேர்த்து. 6.30க்குக் கிளம்பி, புளியங்குடி, கடையநல்லூர் வழியாகச் சுமார் நாற்பது கிலோமீட்டர். 7.50க்குத் தென்காசியில் டீக்கு நிறுத்தினார்கள். நான் டீ குடிக்காமல் ஆட்டோ பிடித்து (ஐம்பது கேட்டார், நாற்பதுக்கு வந்தார்) அரசு மருத்துவமனைக்குப் போனேன். உடல்தகுதிச் சான்றிதழுக்கு ஒரு கையெழுத்து பாக்கி. பரிசோதனைகளை முந்தின வாரமே அம்மாவோடு வந்து முடித்திருந்தேன். டாக்டர் என் பழைய சிகிச்சை அட்டையைப் புரட்டினார். காசநோய், ஆறு மாத மாத்திரை. முழுவதும் முடித்தாயா என்று கேட்டார். முடித்தேன் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். இதை எழுதுவதற்கு ஒரு நிமிடம் ஆகிறது, வரிசையில் நின்றது ஒரு மணி நேரம். திரும்பி வந்தபோது வேனே என்னை முறைத்தது. டிரைவர் அண்ணாச்சி மட்டும், "விடுங்க, அருவி எங்கயும் ஓடிராது" என்று வண்டியை எடுத்தார்.

அங்கிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர். மெயினருவியில் பெண்கள் பக்கம் முக்கால் மணி நேரக் காத்திருப்பு. சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு அனுமதி இல்லை. தண்ணீர் நன்றாக விழுந்தது என்றார்கள். எனக்கு அன்று ஒன்றும் உறைக்கவில்லை.

12.30க்கு ஐந்தருவி பக்கம் ஒரு தோப்பில் கூட்டம். எங்கள் பக்கத்துச் சாட்சிக்கு ஓர் அச்சு உண்டு. முதலில் பெயர் இல்லாத ஒரு கொடிய வியாதி. அடுத்து, 'டாக்டர்கள் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள்'. பிறகு ஜெபம், பிறகு சுகம். மூன்று வருடமாக அப்பா என் கதையை அந்த அச்சில்தான் வார்த்தார். நோயின் பெயரைச் சொன்னால் எனக்கு மாப்பிள்ளை கிடைக்காதாம். நானும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. மைக்கை வாங்கினேன்.

"எனக்கு வந்தது டிபி. டாக்டருங்க யாரும் என்னயக் கைவிடல. மாத்திரைய நான் துப்பினப்பக்கூட, அதக் குடுக்க வந்த நர்ஸக்கா கைவிடல. பிழைக்க வையும்னு கர்த்தர்கிட்ட நான் கெஞ்சினேன், அவரு அந்த அக்காவத்தான் அனுப்பினாரு. அப்பா நேர்ந்த ஊழியத்துக்குத்தான் போறேன். அது நர்சிங். திங்கக்கிழம சேருதேன்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் அவசரமாகச் சாப்பாட்டு ஜெபத்தை ஆரம்பித்தார். சபை முன்னால் மானத்தை வாங்கிவிட்டதாக அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், இலையைத் தொடவில்லை. நான் இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன்.

2.45க்கு ஐந்தருவி. குளிக்கப் போகாமல் ஓரமாக நின்றிருந்த ஜெயா அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். எங்கள் தெருவில் தையல் வேலை செய்பவர், தனியாக இருப்பவர். (பெயரை மாற்றியிருக்கிறேன். அவர் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.)

"ஏட்டி, ஒரு மாசமா எனக்கு இருமல் நிக்க மாட்டேங்கு. சாயங்காலமானா காய்ச்சலும் அடிக்கி. ஒங்கப்பா சாட்சியக் கேட்டுட்டு, ஜெபத்துலயே சரியாயிரும்னு இருந்துட்டேன்."

திங்கட்கிழமையே மருத்துவமனைக்குப் போங்கள் என்றேன். தனியாகப் போகப் பயம் என்றார். அன்று நானும் அம்மாவும் கல்லூரிக்குப் போகிறோம். மிச்சம் இருந்தது அப்பா. அவரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்.

ஐந்து மணிக்கு வேன் திரும்பியது. அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அக்கா சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் மெல்லச் சொன்னேன். அப்பாவின் சாட்சியைப் பற்றி அக்கா சொன்னதையும்தான். கடையநல்லூர் தாண்டியதும் அப்பா வெளியே பார்த்தபடியே கேட்டார்: "ஓபி சீட்டு எத்தன மணிக்குக் குடுக்காங்க?"

திங்கட்கிழமை நான் கல்லூரியில் சேர்ந்தேன். அப்பா வழியனுப்ப வரவில்லை. அந்த நேரம் தென்காசியில் அக்காவுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நர்சிங் படிப்புக்கு அவர் இன்னும் சரி சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

குற்றாலம் போகிறவர்கள் வார நாளில், காலை எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள். மாற்றுத் துணி இரண்டு செட் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அருவி காத்திருக்கட்டும், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. சாட்சி சொல்கிறவர்கள் தயவுசெய்து நோயின் பெயரையும் மருந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் யாரோ ஒருவர் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.