நல்லா நடக்கணும்

அந்த வட்டாரத்தில் தபாலம்மாவைத் தெரியாதவர் கிடையாது. சைக்கிள் தருகிறோம் என்று ஆபீஸில் சொன்னபோதுகூட வேண்டாம் என்றுவிட்டுத் தெருத்தெருவாக நடந்தே கடிதம் கொடுத்தவள் அவள். யாராவது கேட்டால், “நான் கால்நடைத் துறைங்க” என்று தன்னையே கிண்டலடித்துக்கொள்வாள். நாய்கள்கூட அவளைப் பார்த்துக் குரைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தன.

கணவர் அவளுக்கு நேரெதிர். கடிகாரம் ரிப்பேர் செய்பவர். காலையில் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். வாயும் அப்படித்தான், நெம்புகோல் போட்டாலும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பெயராது. எப்படித்தான் இந்த ரெண்டும் ஜோடி சேர்ந்ததோ!

அவளுக்கு முதலில் தங்கிய கரு ஆரம்ப மாதத்திலேயே கலைந்துவிட்டது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. மாமியார் மட்டும், காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, “ஊரெல்லாம் அலையற உடம்பு, எப்படித் தாங்கும்?” என்றார். திட்டிச் சொல்லவில்லை, பெருமூச்சோடு சொன்னார். அதுதான் வினையாகப் போயிற்று. திட்டியிருந்தால் இவளும் பதிலுக்கு நாலு கேட்டுவிட்டு மறந்திருப்பாள். பெருமூச்சோடு யார் சண்டை போட முடியும்? அன்றிலிருந்து தபால் பையைத் தோளில் மாட்டும்போதெல்லாம், என் காலே என் பிள்ளைக்கு எமனாகிவிட்டதோ என்ற நினைப்பும் சேர்ந்து தொங்கியது.

மறுபடி உண்டானபோது ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அவள் உள்ளே ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நர்ஸம்மா அவசரமாக வெளியே வந்தார். வராந்தாவில் நின்ற கணவரிடம், “இனிமே நல்லா நடக்கணும், பார்த்துக்குங்க” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

இதைத் தப்பாகப் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் பாஷை ஒரே சொல்லுக்கு ரெண்டு வேலை கொடுத்து வைத்திருக்கிறதே! காலும் நடக்கும், காரியமும் நடக்கும். நர்ஸம்மா சொன்னது காலை. மனுஷன் காதில் விழுந்தது காரியம். நல்லபடியாக நடக்கணுமே என்று நர்ஸே கவலைப்படுகிறார் என்றால் ஏதோ சரியில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலைக் காட்டினார். “படுத்துக்க. எந்திரிக்கவே கூடாது.”

“டாக்டர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே!”

“உனக்கு எதுக்குச் சொல்வாங்க? பயந்துடுவன்னு எங்கிட்ட சொல்லிட்டாங்க.”

வேறொரு சமயமாக இருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள், குறுக்கு விசாரணை செய்து உண்மையைக் கக்க வைத்திருப்பாள். இப்போது சொன்னபடி போய்ப் படுத்துக்கொண்டாள். தன் கால்மேல் அவளுக்கே நம்பிக்கை போய்விட்டதே. ஆபீஸில் லீவு சொல்லியாயிற்று. மாமியார் தட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்தார், கணவர் தலையணையை நிமிர்த்தி வைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது, தூக்கம் போயிற்று, வயிறு மந்தமாகி, காலையில் படுகிற பாட்டை வெளியே சொல்ல முடியவில்லை. ஜன்னல் வழியே புதுத் தபால்காரர் பக்கத்து வீட்டுக் கடிதத்தை எதிர் வீட்டில் போடுவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு மாமியாரும் கூடவே வந்தார். நர்ஸம்மா எடை பார்த்தபடியே கேட்டார்: “நல்லா நடக்கறீங்களா?”

“எங்கம்மா! கட்டிலே கதின்னு கிடக்கறேன்.”

“ஏன்? யார் படுக்கச் சொன்னது?”

அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் நர்ஸைப் பார்த்தார். “நீங்கதானேம்மா சொன்னீங்க, நல்லா நடக்கணும்னு. அதுலேர்ந்து, நல்லபடியா நடக்கணும்னு நான் கும்பிடாத சாமி இல்ல.”

நர்ஸம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அட கடவுளே! இவங்க நடக்கணும்னு சொன்னேங்க. காலால!”

கணவர் முகத்தில் அசடு வழிந்தது. தபாலம்மா மட்டும் சிரிக்கவில்லை. எத்தனையோ நாளாக மனசில் கிடந்த கேள்வி வெளியே வந்துவிட்டது.

“அம்மா, போன தடவை நான் நடந்ததாலதானே போச்சு?”

நர்ஸம்மாவின் சிரிப்பு நின்றது. எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். “இல்லம்மா. நடந்ததால போகல. ஆரம்பத்துல கலையறதுக்குப் பெரும்பாலும் கருவே சரியா உருவாகாததுதான் காரணம். உங்க கால் என்ன பாவம் பண்ணுச்சு? அதை விடுங்க.”

தபாலம்மா அழுத அழுகையில் டாக்டரே எட்டிப் பார்த்துவிட்டார். அவரும் அதையே சொன்னார், தாராளமாக நடக்கலாம் என்றார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும், பேச்சு வரவில்லையென்றால் வேகம் அதிகம்; தலை சுற்றினாலோ, வலித்தாலோ, ரத்தம் பட்டாலோ உடனே நிறுத்திவிட்டு வந்துவிட வேண்டும். மாமியார் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேசிக்கொண்டே நடக்க வேண்டுமென்றால் பேச ஆள் வேண்டாமா? கணவர் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு அவளோடு கிளம்புவார். தெருமுனை வருவதற்குள் அவருக்குத்தான் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். “யாருக்குங்க பிரசவம்?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்காத நாளில்லை. முதலில் கடிகாரங்களைப் பற்றிப் பேசினார். அது தீர்ந்ததும் மெல்ல மெல்ல மற்றது வந்தது. முதல் கரு போன அன்று, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுததைச் சொன்னார். அவள் நடுத்தெருவில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனுஷனைத்தான் கடவுள் எனக்குக் கொடுத்திருக்கிறார் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அரைகுறைக் காதாக இருந்தால்தான் என்ன!

பெண் குழந்தை பிறந்தது. வார்டே அதிரும்படி அழுதது. “தபாலம்மா பொண்ணு, சத்தமாத்தானே கூப்பிடும்” என்று நர்ஸம்மா துணியில் சுற்றி மாமியார் கையில் கொடுத்தார். தபாலம்மா படுத்தபடியே நர்ஸம்மாவுக்குக் கை கூப்பினாள். “நீங்க நல்லா இருக்கணும்மா. என் காலை எனக்குத் திருப்பிக் குடுத்தீங்க.”

நர்ஸம்மா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுத் திரும்பினார். மாமியார் வழியை விடவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மருமகளுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏம்மா, அன்னிக்கு இவகிட்ட சொன்னீங்களே, அது அந்தக் காலத்துல போனதுக்கும் சேர்த்துத்தானா? இவன் பொறக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு இப்படித்தான் ஆரம்பத்துலயே போச்சு. துணி காயப்போட மாடி ஏறினேன், அதான் போச்சுன்னு எங்க மாமியார் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன், இன்னிக்கு வரைக்கும்.”

நர்ஸம்மா மாமியாரின் தோளில் கை வைத்தார்.

“படி ஏறினதால போகலம்மா” என்றார். “உங்களாலயும் இல்ல.”