அன்னத்துக்குப் பின்னால் நின்றவர்கள்

பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பெட்டி தூக்கித் தூக்கியே றெமிஜியஸுக்குத் தோள்மூட்டு போனது. வேலையை விட்டபின் டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மோர்னிங்சைட்டில் அவர் வயதுக்காரர்கள் மோல் கடைத்தொகுதிக்குள் சுற்றி நடப்பார்கள். இவருக்கு அது பிடிக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போய்விடுவார்.

அங்கேதான் டெப்ராவைச் சந்தித்தார். காட்டு அன்னங்களைக் கவனிக்கும் தொண்டர் குழுவின் தலைவி. அன்னங்களின் செட்டையில் மஞ்சள் பட்டை குத்தியிருக்கும். அதில் உள்ள இலக்கத்தை வாசிக்கவேண்டும், நொண்டுகிறதா, தூண்டில் நூலான தங்கூசி சுற்றியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், படம் எடுத்து அனுப்பவேண்டும். றெமிஜியஸுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. பச்சை மேலங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டில் மனைவி பேபி அதைத் தோய்த்து மடித்து வைப்பாள்.

கோடை வந்ததும் அவருடைய வேலையைச் சனி, ஞாயிறு மட்டும் என்று ஆக்கினாள் டெப்ரா.

“அப்போதுதான் உங்களுடைய ஆட்கள் தூண்டில் போட வருகிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.”

அவர்கள் கேட்கவில்லை. அறுந்த தங்கூசியைக் கரையில் விடவேண்டாம் என்று தமிழில் பணிவாகச் சொன்னால், சிலர் தலையாட்டுவார்கள், சிலர் முதுகைத் திருப்புவார்கள். இக்னேசியஸ் அண்ணை மட்டும் சிரித்தார். ஒரே கத்தோலிக்கக் கோவில்காரர், றெமிஜியஸின் கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவர்.

“என்ன றெமி, வெள்ளைக்காரிக்குக் காவல் வேலையோ?”

“இல்லை அண்ணை, சும்மா ஒரு வொலன்ரியர் வேலைதான்.”

“ஓம், ஓம். சம்பளமில்லாத காவல்.”

ஆனாலும் இக்னேசியஸ் அறுந்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போடுவதை றெமிஜியஸ் கண்டிருக்கிறார். கேட்காமலே செய்த ஒரே ஆள் அவர்தான்.

ஐப்பசியில் ஒருநாள் ஒரு பெட்டை அன்னம் கரைக்கு மிக அருகே வந்தது. இலக்கம் தெளிவாகத் தெரியும் என்று றெமிஜியஸ் படம் எடுத்து அனுப்பினார். அன்னத்துக்குப் பின்னால் இக்னேசியஸும் மகள் தனுஷிகாவும் தூண்டிலோடு நிற்பதை அவர் கவனிக்கவேயில்லை.

சில கிழமைகளில் அதே அன்னம் செத்துக் கரையொதுங்கியது. அலகைச் சுற்றி நூல் இறுகியிருந்தது. வாய் திறக்க முடியாமல் பட்டினியில் செத்திருக்கிறது. றெமிஜியஸ் மணலில் குந்தியிருந்து நெடுநேரம் அதைப் பார்த்தார்.

மறுநாள் குழுவின் முகநூல் பக்கத்தில் அவர் எடுத்த படம் வந்தது. ‘இவளைக் கொன்றது அக்கறையின்மை’ என்று மேலே எழுதியிருந்தது. கீழே, பின்னால் தூண்டிலோடு நின்றவர்களை ஏசி நூற்றுக்கணக்கில் கருத்துகள். எங்கிருந்து வந்தார்களோ அங்கேயே அனுப்புங்கள். பிடித்துத் தின்னாமல் விட்டதே பெரிது.

பின்னேரம் இக்னேசியஸ் றெமிஜியஸுக்குப் போன் எடுத்தார்.

“படம் நீ எடுத்ததோ?”

“அண்ணை, நான் அன்னத்தைத்தான்…”

“தனுஷிகான்ர வகுப்பில எல்லாரிட்டையும் போயிட்டுது. பிள்ளை அறையைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறாள். நீ எடுத்ததோ இல்லையோ?”

“ஓம்.”

போன் வைக்கப்பட்டது.

றெமிஜியஸ் நேரே டெப்ராவிடம் போனார். அன்னத்தை வெட்டிப் பார்த்த மிருக வைத்தியர் அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்: அது கரையில் பாவிக்கும் தங்கூசியே இல்லை, படகில் மீன்பிடிப்போர் இழுக்கும் தடித்த நூல்.

“அப்படியென்றால் அதை எழுதுங்கள். படத்தை எடுத்துவிடுங்கள்” என்றார் றெமிஜியஸ்.

டெப்ரா தேநீரைக் கலக்கினாள். “படத்தை எடுத்துவிடுகிறேன். ஆனால் படகுக்காரரைப் பற்றி எழுத முடியாது. எங்களுக்குக் கூட்டம் நடத்த இடம் தருவதே படகுக் கழகம்தான். நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள்.”

“அந்தக் குடும்பத்திடம் மன்னிப்பாவது கேளுங்கள்.”

“நாங்கள் யாருடைய பெயரையும் சொல்லவில்லையே, றெமி.”

அவர் மேலங்கியைக் கழற்றி மேசையில் வைத்தார். வைத்திருங்கள், வசந்தத்தில் உங்களுடைய ஆட்களோடு பேச யாராவது வேண்டும் என்றாள் டெப்ரா. அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அன்றைக்கே இக்னேசியஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். வைத்தியர் சொன்னதை இவரே சொல்லவேண்டும் என்று போனார். உள்ளே ரீவி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சத்தில் அந்தச் சத்தமும் நின்றது. கதவு திறக்கவில்லை.

“நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை. அவையளுக்கு ஒருநாளைக்கு விளங்கும்” என்றாள் பேபி, அவர் வீட்டுக்கு வந்ததும்.

“விளங்கினாப் போல என்ன? அந்தப் பிள்ளை முகத்தை எல்லாரும் பாத்தாச்சு.”

கிறிஸ்து பிறப்பு நத்தார்ப் பூசையில் இக்னேசியஸ் குடும்பம் றெமிஜியஸுக்கும் பேபிக்கும் முன்வரிசையில் இருந்தது. ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும் நேரம் வந்ததும் இக்னேசியஸ் திரும்பிப் பின்வரிசையில் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தார். றெமிஜியஸ் கையை நீட்டினார். இக்னேசியஸின் கை அதைத் தாண்டிப் பேபியிடம் போனது. தனுஷிகா திரும்பவேயில்லை.

பேபி அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறிலிருந்து றெமிஜியஸும் பேபியும் வேறு கோவிலுக்குப் போகிறார்கள். அங்கே பூசை ஆங்கிலத்தில். யாரும் அவர்களோடு பேசுவதில்லை.