அதே இருநூற்றைம்பது

ரொட்டிப் பொட்டலங்கள் விற்றுத் தீர்ந்தால் லீலாவதி வீட்டுக்குப் போவதில்லை. வெறும் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஃபிஜித் தீவின் நகாசி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பணமாற்றுக் கடைக்கு நேரே நடப்பாள். மாற்றுவதற்கு அவளிடம் ஒன்றும் இருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அஞ்சீதா என்ற பெண்ணிடம், "என்னா பொண்ணு, நம்ம டாலரு எழுந்துச்சா, இன்னும் படுத்துக் கெடக்கா?" என்று கேட்பாள். அஞ்சீதாவுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் இந்தக் கேள்வி மட்டும் முழுசாகப் புரியும். "வஹீ ரேட், ஆன்ட்டி" என்பாள். அதே ரேட்தான். லீலாவதி உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பிவிடுவாள்.

ஒல்லியான உடம்பு. மண்ணெண்ணெய் அடுப்புப் புகையில் கரகரத்துப்போன குரல். ஆஸ்திரேலியா என்று அவள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'அந்தப் பக்கம்' என்பாள். ஊரில் மற்றவர்கள் புயலை வைத்து வருஷம் சொல்வார்கள். இவள் டாலரை வைத்துச் சொல்வாள். "நம்மளதும் அவங்களதும் ஒண்ணுக்கு ஒண்ணா நின்னப்ப எங்க மாமியா செத்தாங்க." கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதில்லை.

எண்பத்தேழில் ராணுவம் முதல்முறை ஆட்சியைப் பிடித்தபோது அவள் பா என்ற கரும்பு ஊரில் இருந்தாள். கணவர் வெங்கடசாமிக்குக் குத்தகை நிலத்தில் கரும்பு. பொழுது சாய்ந்தால் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே முடங்கிக் கிடந்த நாட்கள் அவை. ஒரே மகன் பிஜேந்திராவைச் சிட்னிக்குப் படிக்க அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. ஃபிஜி டாலர் ஒன்றைக் கொடுத்தால் ஆஸ்திரேலிய டாலர் ஒன்றுக்கு மேலேயே கிடைத்த காலம். கையில் இருந்ததைத் திரட்டிக் கட்டணத்தில் பாதியைக் கட்டினார்கள். மறுபாதி சேர்வதற்குள் ராணுவம் இரண்டாம் முறையும் வந்தது. அந்த ஒரே வருஷத்தில் டாலரின் மதிப்பை இரண்டு தடவை இறக்கினார்கள். பெட்டியில் வைத்த பணம் வைத்தபடியே இருந்தது. சிட்னியில் அது போதாமல் போயிற்று.

"பையன்கிட்ட அவங்க டாலருலதான கேக்கறாங்க? நம்மது படுத்துட்டா அவன் என்னா பண்ணுவான்? நாமதான் கூடப் போடணும்" என்றார் வெங்கடசாமி. டிராக்டரை விற்றார். அதுவும் எட்டவில்லை. லீலாவதி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். மகன் கைக்குப் போய்ச் சேர்ந்ததில் ஒரு சென்ட் குறையவில்லை. டிராக்டரில் உழுத மனிதர் அதன்பிறகு மாட்டைக் கட்டி உழுதார். குத்தகை முடிந்தபோது நிலமும் கையை விட்டுப் போனது. இரண்டாயிரத்தில் மறுபடியும் ஆட்சிக் கவிழ்ப்பு. வேலை தேடி நகாசிக்கு வந்தார்கள். வந்த கொஞ்ச காலத்தில் அவர் கண்ணை மூடினார். லீலாவதி ரொட்டிக் கூடையைத் தூக்கினாள்.

சிட்னியில் மகன் வேலையில் அமர்ந்து, வீடு வாங்கி, மாதம் தவறாமல் பணம் அனுப்பினான். அவன் அனுப்பும் இருநூறு இங்கே இருநூற்றைம்பதாகக் கைக்கு வரும். இரண்டாயிரத்து ஒன்பது ஏப்ரலில், ஒரே நாளில், ஃபிஜி டாலரின் மதிப்பை ஐந்தில் ஒரு பங்கு இறக்கினார்கள். பஸ் நிறுத்தம் முழுக்க அதே புலம்பல். லீலாவதி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவன் அனுப்பும் அதே இருநூறு இனி முந்நூறைத் தாண்டும் என்று அஞ்சீதா கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தாள். "ஊரு கெட்டுச்சு, எனக்குக் கூடிச்சு. வெளிய சொன்னா காறித் துப்புவாங்க" என்று கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்து அவளிடம் கிசுகிசுத்தாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அடுப்புப் புகை தந்த இருமலுக்கு ஒரு முடிவாக, இரட்டை பர்னர் காஸ் அடுப்பு ஒன்றைக் கடையில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த வாரமே மாவு விலை ஏறிவிட்டது. கோதுமை அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது. எண்ணெயும் பருப்பும் பின்னாலேயே ஏறின. பொட்டலத்தை ஒன்றரை டாலருக்கு மேல் சொன்னால், தையல் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பணம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பணம் வந்தது. அஞ்சீதா நோட்டுகளைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். அதே இருநூற்றைம்பது.

"மிச்சம்?"

அஞ்சீதா திரையைப் பார்த்தாளே தவிர அவளைப் பார்க்கவில்லை. இந்த முறை நூற்று அறுபதுதான் அனுப்பியிருக்கிறார் என்று ஹிந்தியில், மெல்லச் சொன்னாள்.

அன்று மாலை லீலாவதியே மகனுக்குப் போன் செய்தாள்.

"நூத்தறுபது போட்டியாமே?"

"ரேட் மாறிடிச்சும்மா. ஒனக்கு அதே எரநூத்தம்பது வந்திச்சில்ல? ஒண்ணும் கொறையலியே."

"மாவு வெல ஏறிடிச்சுடா."

"இங்கயும் எல்லாம் ஏறுதும்மா. வீட்டுக் கடன் இருக்கு. ஒனக்குக் கொறஞ்சா சொல்லு, பாத்துப் போடறேன்."

டிராக்டர் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். மறுநாள் அடுப்புக் கடைக்குப் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து பணமாற்றுக் கடைக்குப் போகிறபோதெல்லாம் அவள் கேள்விக்கு ஒரு வால் முளைத்திருக்கிறது: "எழுந்தா என்னா, படுத்தா என்னா, எனக்கு அதே எரநூத்தம்பது."

டிசம்பரில் பிஜேந்திரா குடும்பத்தோடு வந்தான். தங்கியது சுற்றுலாக்காரர்கள் தங்கும் மார்டின்டாரில் ஒரு ஹோட்டலில். ஒரு காலையில் வாடகைக் காரை ஓட்டிக்கொண்டு நகாசிக்கு வந்து, வியாபாரத்துக்கு நடுவில் அம்மாவின் தோளைப் பிடித்தான். தொப்பை போட்டிருந்தான். அப்பாவின் அதே நெற்றி. லீலாவதிக்குக் கண் கலங்கத்தான் செய்தது.

"இங்க எல்லாம் பாதி வெலதாம்மா! ஹோட்டல், சாப்பாடு, கார் எல்லாமே. அங்கத்து ஒரு டாலருக்கு இங்க ஒண்ணே முக்கால் குடுக்கறாங்க, தெரியுமா?"

"தெரியும்" என்றாள்.

பேசிக்கொண்டே கூடைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். நின்றபடியே உருளைக்கிழங்கு ரொட்டியைக் கடித்து, கண்ணை மூடி மென்றான். "இந்த ருசி அங்க எங்க தேடினாலும் கெடைக்காதும்மா."

அவன் விரலை நக்கி முடிக்கும்வரை லீலாவதி காத்திருந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"ஒன்றர டாலரு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொன்னிற நாணயத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். இரண்டு ஆஸ்திரேலிய டாலர். லீலாவதி அதைத் திருப்பிப் பார்த்து, அவன் பைக்குள்ளேயே போட்டாள்.

"இது இங்க செல்லாது" என்றாள்.

அவன் முகம் சிவந்து மற்றப் பைகளைத் துழாவத் தொடங்கினான். அவள் மறுபடியும் கையை நீட்டி, நீட்டியபடியே வைத்திருந்தாள்.