ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரில் யார் பேர்

வகுப்பில் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம், காரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்டவள் ப்ராஜெக்ட் மதிப்பீட்டு நாளன்று லேபில் வாயடைத்து நின்றாள். நாலு பேர் சேர்ந்து ஒரு கிளினிக்குக்கான டோக்கன் சாஃப்ட்வேர் செய்திருந்தார்கள். யார் எத்தனை முறை ப்ரோக்ராம் எழுதிச் சேர்த்தார்கள் என்ற பட்டியல் ப்ரொஜெக்டர் வழியாகச் சுவரில் பெரிதாக விழுந்திருந்தது. டீம் லீடர், இருநூற்றுப் பதினாலு. கடுகு, மூன்று.

"மூணுக்கு நான் என்னம்மா மார்க் போடறது?" என்றார் பேராசிரியை. "தேறலைன்னா ஒரு வருஷம் போயிடும், தெரியும்ல?"

தெரியும். அந்த இருநூற்றுச் சொச்சத்தில் முக்கால்வாசி அவள் எழுதியது. அவளுடைய லாப்டாப் திரை செத்து நாலு மாதம் ஆகிறது. லேபின் ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர்தான் கதி. அதில் முதல் நாள் லீடர் தன் பேரில் லாகின் செய்தான். அதற்குப் பிறகு யார் உட்கார்ந்து எழுதினாலும் அவன் கணக்கில் போய் விழுந்தது. மாற்றினால் எல்லாவற்றையும் புதிதாக அமைக்க அரை மணி ஆகும். லேப் நேரமே இரண்டு மணிதான். வேலை நடந்தால் சரி என்று அவளும் விட்டுவிட்டாள். அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அது.

"மேடம், எல்லாரும்தான் செஞ்சோம். சமமா போட்டுடுங்க" என்றான் லீடர், பெரிய மனதோடு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

கடுகுக்கு வாய் திரும்பி வந்தது.

"சமமா வேணாம் மேடம். நான் செஞ்சதுக்குப் போடுங்க."

"ரெக்கார்டு பொய்யா சொல்லும்?" என்றார் பேராசிரியை.

"அதுக்கு லாகின்தான் தெரியும், யார் கைன்னு தெரியாது. அவனையே கேளுங்க. டோக்கன் கூப்பிடும்போது ஆள் இல்லைன்னா, நம்ம சாஃப்ட்வேர் ரெண்டு டோக்கன் கழிச்சு ஏன் மறுபடி கூப்பிடுது?"

லீடர் தலையைச் சொறிந்தான். "அது... சும்மா ஒரு நம்பர் மேடம்."

"சும்மா இல்ல. எங்கம்மா கூட்டிப் பெருக்குற கிளினிக்ல மூணு நாள் உக்காந்து பார்த்தேன். பாத்ரூம் போன பெரியவர் ஒருத்தரை மூணு தடவை கடைசிக்குத் தள்ளினாங்க. ரெண்டு பேர் உள்ள போய் வர்றதுக்குள்ள அவர் வந்துடறார் மேடம்! நம்பிக்கை இல்லைன்னா அந்தப் பகுதியை அழிச்சுடுங்க. நானும் அவனும் இங்கேயே எழுதறோம்."

பேராசிரியை நிஜமாகவே அழித்துவிட்டு லீடரைப் பார்த்தார். அவன் தன் செருப்பைப் பார்த்தான். மற்ற இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

கடுகு ஏழாம் நம்பரில் உட்கார்ந்தாள். முதல் வேலையாக லீடரின் லாகினை வெளியேற்றினாள்.

"என் பேர்ல அமைக்க அரை மணி ஆகும் மேடம்."

"ஆகட்டும்" என்று பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில், தவறிப்போன டோக்கனை இரண்டு பேர் கழித்து சாஃப்ட்வேர் மறுபடி கூப்பிட்டது. கடுகின் மார்க் தாளில் குறித்திருந்த மூன்றை பேராசிரியை அடித்துவிட்டு, திருத்துவதற்கு லீடரின் தாளையும் கையில் எடுத்தார்.

வாசலில் லீடர் முணுமுணுத்தான். "முன்னாடியே சொல்லியிருந்தா நானே மாத்தியிருப்பேன்ல?"

"இப்ப சொல்லிட்டேன்ல" என்றாள் கடுகு.