தலைகீழாக மாட்டிய நரம்பு

எண்பதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு பம்புக் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். பெங்களூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மேடம் வாரம் ஒருமுறை ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் வருவார். இதயக் குழாய் அடைத்துப்போனவருக்கு மாற்றுக் குழாயாகத் தைக்க, அவர் காலிலிருந்தே ஒரு ரத்த நரம்பை எடுப்பார்கள். தைத்தது போக மிஞ்சிய துண்டுதான் பெட்டிக்குள் இருக்கும். கால் நரம்பு மெதுவான ஓட்டத்துக்குப் பழகியது. இதயத்தின் அடியை அது எப்படித் தாங்குகிறது என்று பார்க்க, துடித்துத் துடித்துத் தள்ளும் சின்னப் பம்பு ஒன்றை எங்கள் கம்பெனி செய்து கொடுத்திருந்தது.

அன்று மேடத்துக்கு ஆபீசில் போன் வந்தது.

"நூல் கட்டின முனை பம்புப் பக்கம் வரணும். நான் வர்றவரைக்கும் கைய வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வைத்தேன். அந்த நரம்புக்குள் ஒருவழி வால்வுகள் உண்டு. வால்வைப் பற்றி எனக்கே பாடமா என்ற திமிர். எங்கள் ஒர்க் ஷாப்பில் குறி போட்ட பக்கம் என்றால் தண்ணீர் வெளியேறும் பக்கம். கை அந்தப் பழக்கத்திலேயே நூல் முனையை வெளியேறும் பக்கம் மாட்டிவிட்டது.

பம்பிலிருந்த உப்புத் தண்ணீர் நரம்புக்குள் போகவில்லை. போகாவிட்டால் பிரஷரை ஏற்று என்பது பம்புக்காரன் புத்தி. ஏற்றினேன். நரம்பு தவளைத் தொண்டைபோல உப்பியது. சுவிட்ச் கண்ணெதிரே இருந்தது. நானோ இரண்டு கையாலும் நரம்பைப் பிடித்துக்கொண்டு, "ஆகு தல்லி, ஆகு" என்று வீட்டுத் தெலுங்கில் அதை நிற்கச் சொல்லிக் கெஞ்சினேன். கிழிந்து, உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது.

"ஏனாயித்து?" என்ன ஆச்சு என்று மேடம் கன்னடத்தில் கேட்டபடி உள்ளே வந்தார்.

"நரம்புல பலமில்லைங்க மேடம். தானா கிழிஞ்சிடுச்சு."

"சரியாத்தானே மாட்டினீங்க?"

"பம்புக்குள்ளயே பொறந்தவன்கிட்ட கேக்கறீங்களே."

சிரித்துவிட்டார். நம்பிவிட்டார். நோட்டில் எழுதிக்கொண்டே, "அறுபத்தஞ்சு வயசுக்காரரோடது. இந்த வயசு நரம்பு தாங்காதுன்னு நாளைக்கே சர்ஜன்கிட்ட சொல்லணும்" என்றார்.

இனி யாரோ ஒரு பெரியவருக்கு, நல்ல நரம்பு இருந்தும் ஆபரேஷன் இல்லை என்றாகிவிடலாம். கேண்டீனுக்கு ஓடி டீ வாங்கி வந்தேன். மறுபடி ஓடி பஜ்ஜி வாங்கி வந்தேன். மூன்றாம் தடவை வாங்க ஒன்றும் இல்லாததால்தான் வாயைத் திறந்தேன்.

"தலைகீழா மாட்டினது நான்தாங்க மேடம். நரம்பு மேல தப்பில்ல."

எழுதியதை அடித்தார். "கிழிச்சதுகூடப் பரவால்ல. அந்த மனுசனோட நரம்பு மேல பழி போட்டீங்களே" என்றார்.

அடுத்த வாரம் அவரே மாட்டினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். யாரும் கட்டச் சொல்லவில்லை.